எஃப்.எம். பெட்டியா, போனா, வைஃபையா: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ரேடியோ கேட்க எது தோது?

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா பழைய ரேடியோப் பெட்டியை மஞ்சப்பையில் சுற்றிக் கடைக்கு எடுத்து வந்தார். திருகைத் திருப்பினால் சுற்றுகிறது, முள் நகரவில்லை. கழற்றிப் பார்த்தால் டயல் நூல் அறுந்திருந்தது. அது போகட்டும் என்றால், ஸ்பீக்கர் பேப்பரை எலி பாதி தின்றிருந்தது. "பெங்களூர்ல இருக்கிற பையன், இதெல்லாம் எதுக்கும்மா, போன்லயே வருதுங்கிறான். போன்ல போட்டா மத்தியானத்துக்கே நெட் தீந்துபோச்சுங்குது. நீ சொல்லு சாமி, என்ன பண்ணட்டும்?"

அதே வாரம் ராயக்கோட்டையிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி ஏற்றிப்போகும் டெம்போக்காரத் தம்பி ஒருவரும், காவேரிப்பட்டணத்தில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரும் கிட்டத்தட்ட இதே கேள்வியோடு வந்தார்கள். ரேடியோவும் செல்போனும் ரிப்பேர் பார்க்கிற கடை என்னுடையது. இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. ஆனால் ஐந்து வருஷம் முன்னால் சொன்ன பதிலை இன்றைக்கும் அப்படியே சொல்ல முடியவில்லை. மூன்று பேருக்கும் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது

எல்லோரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, "எங்க உட்கார்ந்து கேப்பீங்க?"

எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. மலை குறுக்கே நின்றால் அந்தப் பக்கம் நிழல் விழுந்த மாதிரிதான். நம் பக்கம் மலைக்குப் பஞ்சமில்லை. சித்தேரி, வத்தல்மலை, தொப்பூர் கணவாய், அஞ்செட்டிக் காடு என்று எங்கே திரும்பினாலும் ஒன்று நிற்கும். அதே இடங்களில் செல்போன் டவரும் தகராறுதான். அதனால் ஊர்ப் பெயரைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

அடுத்தது கரண்ட். கரண்ட் போனால் உங்கள் ரேடியோ பேசுமா? மூன்றாவது, எந்த நிலையம் வேண்டும். உள்ளூர் நிலையம் போதுமா, கொடைக்கானல் பண்பலையும் சிங்கப்பூரின் 'ஒலி' தமிழ் நிலையமும் வேண்டுமா? நான்காவது, மாதாமாதம் எவ்வளவு போகும். ஐந்தாவதை யாரும் யோசிப்பதில்லை: கேட்கும்போது கை சும்மா இருக்கிறதா? பால் கறக்கிற கை, மாவு பிசைகிற கை, ஸ்டீயரிங் பிடித்த கை போனின் கண்ணாடியைத் தொட முடியாது. திருகைப் புறங்கையால்கூடத் திருப்பிவிடலாம்.

கடைசியாக, செய்தி உடனுக்குடன் வரவேண்டுமா, அரை நிமிஷம் தாமதமானால் பரவாயில்லையா என்பது. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். அப்புறம் சொல்கிறேன்.

எஃப்.எம். பெட்டி

600 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. இப்போது வருவதில் பென்டிரைவ், மெமரி கார்டு, புளூடூத் எல்லாம் சேர்ந்தே இருக்கும். வாங்கினதோடு செலவு முடிந்தது. ரீசார்ஜ் கிடையாது. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் எடுத்து, தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டவேண்டும். எண்பதுகளில் அதுவும் ஒழிந்தது.

தருமபுரி ஆகாசவாணி 102.5 மெகாஹெர்ட்ஸ். தருமபுரி, காரிமங்கலம், பாலக்கோடு என்று மேட்டுச் சமவெளியில் இருப்பவர்களுக்கு ஏரியலை நீட்டாமலே வரும். விவசாய நிகழ்ச்சி, உள்ளூர் அறிவிப்பு, பழைய பாட்டு என்று அந்த ஒரு நிலையமே போதும் என்பவர்கள் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், பெட்டியை வாங்கிவிட்டுப் போகலாம்.

வடக்கே போகப் போகத்தான் வேடிக்கை. பெங்களூர் விவித் பாரதி 102.9-ல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 0.4 மெகாஹெர்ட்ஸ்தான். நல்ல செட் இரண்டையும் பிரித்துக் கொடுக்கும். மலிவான செட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சூளகிரிப் பக்கத்தில் ஒரு வீட்டில் பார்த்தேன். தமிழ்ப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் பெட்டியை ஜன்னல் பக்கம் ஒரு சாண் நகர்த்தினார், கன்னடத்தில் விளம்பரம் வந்தது. திரும்பவும் நகர்த்தினார், பாட்டு வந்தது. எஃப்.எம்.மின் குணம் அப்படி. எது பலமாக வருகிறதோ அது மற்றதை அமுக்கிவிடும். ஓசூருக்குள் போய்விட்டால் பெங்களூர் நிலையங்களின் ராஜ்ஜியம்தான். 2001-ல் நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். தொடங்கியதே பெங்களூரில்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற தளி, தேன்கனிக்கோட்டைக் குடும்பங்களுக்கு இது குறையே இல்லை. தமிழ் மட்டும் வேண்டும் என்பவர்களுக்குத்தான் குறை.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஒன்று பேட்டரி. பல பெட்டிகளில் பழைய பட்டன் போனில் போடும் அதே தட்டைப் பேட்டரிதான் இருக்கும். ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டு வைத்தால் நாளடைவில் உப்பிவிடும். இரண்டு, சார்ஜ் போடும் துளை. கடைக்கு வரும் செட்டுகளில் பாதிக்கு மேல் இந்தத் துளை ஆடிப்போய்த்தான் வருகின்றன. மூன்று, ஏரியல். குழந்தைகள் கையில் கிடைத்தால் ஒரு வாரம் தாங்காது. முறிந்தால் புது ஏரியலுக்கு அலையவேண்டாம். முக்கால் மீட்டர் வயரை முனை சீவி, முறிந்த அடிக்கட்டையில் இறுக்கிச் சுற்றி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் படாமல் தள்ளித் தொங்கவிடுங்கள். 102.5-க்கு அந்த நீளம் கணக்காக ஒத்துவரும்: அலையின் நீளம் ஏறக்குறைய 2.9 மீட்டர், அதில் கால் பங்கு.

மீடியம் வேவ் பற்றியும் கேட்கிறார்கள். சென்னை 720 கிலோஹெர்ட்ஸ் இருட்டின பிறகு எட்டிப் பார்க்கும். ஆனால் மலிவான எல்.இ.டி. பல்பும் போன் சார்ஜரும் வந்த பிறகு வீட்டுக்குள் ஒரே இரைச்சல்தான். அதற்காகப் பெட்டி வாங்காதீர்கள்.

போனுக்குள்ளேயே இருக்கும் எஃப்.எம்.

நெட் இல்லாமல் போனிலேயே எஃப்.எம். கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் பாதிப் பேருக்கு அது வேலை செய்வதில்லை. இதற்கு இயர்போன் வயர்தான் ஏரியல். வயரைச் செருகாமல் திறந்தால் "இயர்போனைச் செருகவும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். புளூடூத் இயர்போன் இதற்கு உதவாது, அதில் வயர் ஏது?

இப்போது வரும் பல போன்களில் இயர்போன் துளையே இல்லை. சிலவற்றில் எஃப்.எம். வசதியையே எடுத்துவிட்டார்கள். பேரிடர் சமயத்தில் மக்களுக்குத் தகவல் போய்ச் சேர ரேடியோ வேண்டும் என்று சொல்லி, எஃப்.எம்.மை முடக்காமல் வைக்கும்படி மத்தியத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023-ல் போன் கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பியது. அது அறிவுரைதான். போன் வாங்கும்போது கடையிலேயே எஃப்.எம். இருக்கிறதா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். பட்டன் போன்களில் பெரும்பாலும் இருக்கும். சிலவற்றில் வயரே செருகாமலும் பாடும். ஆடு மேய்க்கப் போகிற தாத்தாக்கள் சட்டைப் பையில் பாடிக்கொண்டு போகிறதே, அதுதான்.

போனில், நெட் வழியாக

மாற்றம் அதிகம் நடந்திருப்பது இங்கேதான். பிரசார் பாரதியின் நியூஸ்ஆன்ஏர் ஆப்பில் நாடு முழுக்க உள்ள ஆகாசவாணி நிலையங்கள் இருநூறுக்கு மேல் வருகின்றன. 2024 நவம்பரில் வேவ்ஸ் என்று இன்னொரு ஆப்பும் விட்டார்கள். ரேடியோ கார்டன் என்ற ஆப்பில் பூமி உருண்டையைச் சுற்றிப் புள்ளியைத் தொட்டால் அந்த ஊர் நிலையம் பாடும். சிங்கப்பூரின் ஒலி 968, மலேசியாவின் மின்னல் எஃப்.எம். இரண்டையும் நெட்டிலேயே கேட்கலாம். பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஓடு சிற்றலையில் நின்றுபோனது. அன்றைக்குக் கடையில் வந்து புலம்பிய ஒரு பெரியவர், இன்றைக்குத் தமிழ் நிலையங்களை நாடு வாரியாகப் போனில் சேர்த்து வைத்திருக்கிறார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் மாவட்டங்களிலிருந்து பெங்களூர், திருப்பூர் என்று வேலைக்குப் போனவர்கள் ஏராளம். எஃப்.எம்.மில் கேட்க முடியாத தூரத்தில் இருந்தாலும் தருமபுரி நிலையத்தை அவர்கள் ஆப்பில் கேட்கலாம். ஊரில் இருப்பவருக்கு வெளியூர் நிலையத்தைக் கொண்டுவருகிற அதே கம்பி, வெளியூர் போனவருக்கு ஊரைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. என்னைக் கேட்டால் நெட் ரேடியோவால் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

சரி, டேட்டா எவ்வளவு போகும்? நிலையம் நொடிக்கு 64 கிலோபிட் அனுப்பினால் மணிக்குச் சுமார் 29 எம்.பி., 128 கிலோபிட் என்றால் 58 எம்.பி. தினம் மூன்று மணி நேரம் கேட்டாலும் முதல் கணக்கில் மாதம் 2.6 ஜி.பி. தான். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. தரும் பேக்கில் இது தூசி.

அப்படியென்றால் பெரியம்மாவுக்கு மத்தியானமே எப்படித் தீர்ந்தது? போனை வாங்கிப் பார்த்தேன். பையன் வைத்துக் கொடுத்திருந்தது ரேடியோவே இல்லை, யூடியூபில் பாட்டுத் தொகுப்பு. படமும் சேர்ந்து ஓடுகிறது. படத்தின் தரத்தைப் பொறுத்து அது மணிக்குச் சில நூறு எம்.பி. இழுக்கும். பெரியம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் களை எடுக்கப் போயிருக்கிறார். வானத்தைப் பார்க்க வேண்டிய படம் கயிற்றுக் கட்டிலைப் பார்த்தபடி டேட்டாவைத் தின்றிருக்கிறது. "நெட்டில் ரேடியோ கேட்டால் காசு கரையும்" என்று சொல்பவர்களில் பலர் இந்த வகைதான்.

உண்மையான செலவு வேறு. ரீசார்ஜ் 28 நாளுக்கு ஒருமுறை, ஆக வருஷத்துக்கு 12 அல்ல, 13. ஒரு தடவைக்கு 300 ரூபாய் வைத்தால் வருஷத்துக்கு 3,900. பேச்சுக்காக எப்படியும் போடுகிற பேக் என்றால் ரேடியோ இலவசம் என்று வைத்துக்கொள்ளலாம். ரேடியோவுக்காகவே போடுவதென்றால் அந்தக் காசுக்கு வருஷத்துக்கு நாலைந்து பெட்டி வாங்கலாம்.

அப்புறம் அந்தத் தாமத விஷயம். ஒரு நாள் காலை ஏழே கால் செய்திக்கு எஃப்.எம். செட்டையும் ஆப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். செட்டில் தலைப்புச் செய்தி பாதி போய்விட்டது. போனில் அப்போதுதான் "ஆகாசவாணி" என்று ஆரம்பிக்கிறார்கள். நெட்டில் ஒலியைத் துண்டு துண்டாகக் கட்டி அனுப்புவதாலும், நின்று போகாமல் இருக்கப் போன் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு பாடுவதாலும் வருகிற தாமதம் இது. செய்திக்குப் பரவாயில்லை. ரேடியோ மணியைப் பார்த்துக் கடிகாரம் திருப்புகிற வீடுகளும், கிரிக்கெட் வர்ணனை கேட்கிறவர்களும் கவனிக்கவேண்டும். பக்கத்து வீட்டு டி.வி.யில் விக்கெட் விழுந்து கைதட்டி முடித்த பிறகு உங்கள் போனில் பந்து வீசுவார்கள்.

இன்னொன்று, போன் ரேடியோவாக மட்டும் இருக்காது. காவேரிப்பட்டணம் டீக்கடை அண்ணன் போனைப் புளூடூத் ஸ்பீக்கரோடு இணைத்து வைத்திருந்தார். கூட்ட நேரத்தில் வீட்டிலிருந்து போன் வந்தது. எடுத்ததும் அண்ணி பேசினது ஸ்பீக்கரில். "கோழிக்கறி வாங்கினீங்களா இல்லையா" என்பது கடை முழுக்கக் கேட்டது. பழைய போன் ஒன்றை நெட்டுக்கு மட்டும் ஒதுக்கி வைத்தால் இந்த வம்பு கிடையாது.

வீட்டு வைஃபையும் ஸ்பீக்கரும்

ஃபைபர் இணைப்பு உள்ளூர் கேபிள்காரர்கள் மூலமாகவே கிராமம் வரை வந்துவிட்டது. விளம்பரத்தில் 399 என்று போட்டிருந்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 470 ரூபாயைத் தாண்டும். படிக்கிற பிள்ளைகளுக்காக ஏற்கெனவே போட்ட வீடு என்றால் ரேடியோவுக்கு மேல்செலவு இல்லை. டேட்டா பயமும் இல்லை.

பிரச்சினை கரண்டில் இருக்கிறது. கரண்ட் போனால் ரூட்டர் அணைந்துவிடும், ரேடியோவும் நிற்கும். ரூட்டருக்கென்றே விற்கிற குட்டி யு.பி.எஸ். வாங்கினால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். இதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் தூரம். வைஃபை கூடத்தில் நன்றாக இருக்கும். இரண்டு சுவர் தாண்டி மாட்டுக்கொட்டகைக்குப் போகாது. ரேடியோ கேட்கிறவர்கள் கூடத்திலா உட்கார்ந்திருக்கிறார்கள்?

வாயால் சொன்னால் பாடும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மா "தருமபுரி ரேடியோ வை" என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் காது கேக்காது போல" என்று எழுந்து போய்விட்டார். இங்கிலீஷில் நான் சொன்னால் கேட்கிறது.

நெட்டுக்கென்றே தனியாக வரும் ரேடியோப் பெட்டியை ஆன்லைனில் பார்த்துவிட்டு விலை கேட்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. செயற்கைக்கோள் வழியாக வந்த வேர்ல்டுஸ்பேஸ் ரேடியோ நினைவிருக்கிறதா? 2009 டிசம்பர் 31-ஓடு இங்கே சேவை நின்றது, பெட்டிகள் காட்சிப் பொருளாயின. எங்கேயோ இருக்கும் கம்பெனியின் சர்வரை நம்பி நிற்கும் பெட்டிக்கு அந்தக் கதி எப்போது வேண்டுமானாலும் வரலாம். போனில் என்றால் ஒரு ஆப் போனால் இன்னொன்று.

டி.வி. டிஷ்

கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன். டி.டி. ஃப்ரீ டிஷ்ஷில் ஆகாசவாணி நிலையங்கள் சில வருகின்றன. டிஷ் பொருத்துகிற செலவு ஒருமுறைதான், மாதக் கட்டணம் இல்லை. எஃப்.எம்.மும் டவரும் எட்டாத மலைக் கிராமத்துக்கு இது உதவும். ஆனால் பாட்டு கேட்க டி.வி.யைப் போட்டு வைக்கவேண்டும். கரண்ட் போனால் அவ்வளவுதான்.

ஒரே பார்வையில்

| | எஃப்.எம். பெட்டி | போனின் எஃப்.எம். | போனில் நெட் | வைஃபை + ஸ்பீக்கர் |
|---|---|---|---|---|
| முதல் செலவு | 600–1,500 ரூபாய் | இல்லை (வசதி உள்ள போன் இருந்தால்) | இல்லை (ஸ்மார்ட்போன் இருந்தால்) | இணைப்பு, ஸ்பீக்கர், குட்டி யு.பி.எஸ். |
| மாதச் செலவு | இல்லை | இல்லை | 28 நாளுக்குச் சுமார் 300 | சுமார் 470 முதல் |
| கரண்ட் போனால் | பாடும் | பாடும் | டவர் இருக்கும் வரை | யு.பி.எஸ். இருந்தால் சிறிது நேரம் |
| நிலையங்கள் | எட்டுகிறவை மட்டும் | எட்டுகிறவை மட்டும் | உலகம் முழுக்க | உலகம் முழுக்க |
| தாமதம் | இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| ஈரக்கையோடு இயக்க | சுலபம் | பட்டன் போனில் சுலபம் | சிரமம் | பேசினால் போதும், மொழி ஒத்துவந்தால் |

கரண்ட் வரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. பஸ் நிலையத்துப் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகளையே வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அந்த மாதிரி நேரத்தில் முதலில் கரண்ட் போகும். பிறகு ஒவ்வொரு செல்போன் டவரும் தன் பேட்டரி, டீசல் தீரும் வரைதான். ஒலிபரப்பு நிலையம் ஒரே இடத்தில் ஜெனரேட்டரை ஓட்டினால் அத்தனை ஊருக்கும் சேர்த்துப் பேசலாம். அதனால் நெட்டுக்கு முழுதாக மாறிவிட்ட வீட்டிலும் ஒரு பெட்டி அலமாரியில் இருக்கட்டும் என்பேன்.

யாருக்கு எது

டெம்போத் தம்பிக்கு இரண்டும் வேண்டும். வண்டி ஸ்டீரியோவில் முதல் பட்டனில் 102.5, இரண்டாவதில் பெங்களூர் நிலையம் ஒன்று பதிந்து கொடுத்தேன். ராயக்கோட்டையில் கிளம்பும்போது முதலாவது, சூளகிரி தாண்டி இரைச்சல் வந்தால் இரண்டாவது. தமிழே வேண்டும் என்றால் கிளம்புவதற்கு முன்பே ஆப்பைப் போட்டுப் புளூடூத்தில் இணைத்துவிடவேண்டும். நாலு வழிச்சாலையில் டவர் பெரும்பாலும் விடாமல் வரும். ஓட்டிக்கொண்டே நிலையம் மாற்றுகிற வேலை மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

டீக்கடைக்கு நெட்தான் சரி. வருகிறவர்களில் ஒருவர் இளையராஜா கேட்பார், ஒருவர் செய்தி கேட்பார், மாம்பழ சீசனில் லாரிக்காரர்கள் தெலுங்கு கேட்பார்கள். வீட்டில் சும்மா கிடந்த பழைய போனில் கடை வைஃபையை இணைத்து, ஸ்பீக்கரோடு பூட்டி வைத்தாகிவிட்டது. அண்ணி இனிமேல் தாராளமாகப் பேசலாம்.

அஞ்செட்டி, சித்தேரி மாதிரி காட்டோர ஊர்க்காரர்கள் எதையும் காசு கொடுத்து வாங்குவதற்கு முன், யாரிடமாவது ஒரு பெட்டியை இரவல் வாங்கி வீட்டிலும் கொட்டகையிலும் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். பத்தடி தள்ளி வைத்தாலே கதை மாறும்.

பெரியம்மாவுக்கு 850 ரூபாயில் திருகு வைத்த பெட்டி ஒன்றைக் கொடுத்தேன். முள்ளை 102.5-ல் நிறுத்தி, அந்த இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். போனிலும் யூடியூபுக்குப் பதிலாக ஆப்பை முதல் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், பையனும் அதே நிலையத்தை அங்கே கேட்கலாம் என்று. "அப்ப நான் கேக்கிற பாட்டையே அவனும் கேப்பானா?" என்றார். அரை நிமிஷம் பிந்திக் கேட்பான் என்றேன். பழைய பெட்டியை என்ன செய்ய என்று கேட்டதற்கு, "அது அவங்க அப்பா வாங்குனது, குடு" என்று மஞ்சப்பையிலேயே திரும்பப் போட்டுக்கொண்டார்.